பெரிய வண்டியா, சூடான வண்டியா?

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். மூன்றாவது குழந்தை வரும் வசந்த காலத்தில் பிறக்கப்போகிறது. இதுவரை கூடாரம் அடித்துத்தான் தங்கிவந்தோம். கைக்குழந்தையோடு அது இனி நடக்காது என்பதால் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டியான டிரெய்லர் ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறோம். பனிக்காலத்திலும் நாலைந்து வார இறுதிகளில் பனிச்சறுக்குக்குப் போவோம். அங்கே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை குளிர் இறங்கும். விற்பனையகத்தில் 33 அடி நீள வண்டி ஒன்றைக் காட்டினார்கள். 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. காலி எடை 3,300 கிலோ, சுமையோடு அதிகபட்சம் 4,300 கிலோ. எங்கள் பிக்கப் 5,000 கிலோ வரை இழுக்கும், கவலையே வேண்டாம் என்கிறார் விற்பவர். குடும்பம் பெருகும் நேரத்தில் சின்னதாக வாங்கிவிட்டு நாளைக்கு மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பது என் கணவரின் கட்சி. எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. தேவைப்படுமோ என்னவோ, பிக்கப்பின் ஓட்டுநர் கதவுத் தூணில் 'ஆட்களும் சரக்கும் சேர்த்து 680 கிலோவைத் தாண்டக் கூடாது' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. பின்குறிப்பு: மேல் படுக்கை யாருக்கு என்று பிள்ளைகள் இப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

'தேவைப்படுமோ என்னவோ' என்று தயங்கி எழுதினீர்களே, அந்த 680 கிலோதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட எண். இருபது ஆண்டுகளாக இந்த வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். வாங்கும் முன் அந்த ஸ்டிக்கரைப் படித்த குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோருக்கும் இழுவைத் திறன் மட்டும் தலைகீழ்ப் பாடம். விற்பவர் சொல்லும் எண் அது. ஸ்டிக்கரில் இருப்பது வண்டியைச் செய்தவர் சொல்லும் எண்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. டிரெய்லருக்கும் அதே கதைதான். முன்பாரம் போதாவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி வாலை ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் பிக்கப்பையும் சேர்த்துக் கவிழ்க்கும். அதனால் வட அமெரிக்க டிரெய்லர்களில் ஏற்றிய எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை ஹிட்ச்சின் மீது, அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மீது, உட்கார வேண்டும் என்று கணக்கு. அந்தப் பாரம் முழுவதும் உங்கள் 680 கிலோவிலிருந்துதான் கழியும்.

கழித்துப் பார்ப்போம். காலியாக 3,300 கிலோ உள்ள வண்டியில் தண்ணீர், பேட்டரி, பாத்திரம், துணிமணி, போர்வை எல்லாம் ஏறினால் 3,900 ஆகிவிடும். 150 லிட்டர் தண்ணீரே 150 கிலோ. அதில் 13 விழுக்காடு என்றால் முன்பாரம் 500 கிலோவைத் தொடும். பாரத்தைச் சமமாகப் பகிரும் ஹிட்ச் அமைப்பு 45 கிலோ. நீங்கள் இருவரும் 140 என்று வைத்துக்கொள்கிறேன். குறைவு என்றால் மகிழ்ச்சி. இரண்டு பிள்ளைகளும் அவர்களுடைய இருக்கைகளும் 55. மொத்தம் 740. இன்னும் சறுக்குப் பலகை ஏறவில்லை, தள்ளுவண்டி ஏறவில்லை, மூன்றாவது குழந்தை பிறக்கவே இல்லை. அதற்குள் வரம்பை 60 கிலோ தாண்டிவிட்டது. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் தெரியவில்லை என்றீர்கள். இதுதான்.

ஐயாயிரம் கிலோ இழுக்கும் என்று விற்பவர் சொன்னதும் பொய்யில்லை. பிக்கப்பில் ஆளும் சரக்கும் ஏறக்குறைய இல்லாத நிலையில் அது இழுக்கும். நீங்கள் அப்படிப் பயணம் போகப் போவதில்லை.

உங்கள் கணவரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். குடும்பம் பெருகும்போது படுக்கைக்கு முன்னால் எடை பெருகுகிறது. எட்டு வயதில் 26 கிலோ இருக்கும் பெண் பதினைந்து வயதில் அதைப்போல் இரண்டு மடங்கு இருப்பாள். டிரெய்லரும் பிக்கப்பும் அதே இடத்தில் நிற்க, பின் இருக்கை மட்டும் ஆண்டுதோறும் கனக்கும். ஆகவே இன்றைக்கு ஸ்டிக்கரில் இடம் மிஞ்சும்படி வாங்கினால்தான் நாளைக்கு மாற்றாமல் தப்பலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, இங்கே விரல் உங்கள் பிக்கப்.

இனி அந்த 'நான்கு பருவம்' என்ற ஒட்டு. வட அமெரிக்காவில் அந்தச் சொற்களுக்குச் சட்டப்படி எந்தப் பொருளும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் ஒட்டலாம். ஐரோப்பாவில் ஈ.என். 1645-1 என்று ஒரு தரநிர்ணயம் உண்டு. அதில் மூன்று படிகள். மூன்றாம் படிக்கு வெளியே −15 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், தண்ணீர்க் குழாய்களும் வேலை செய்தாக வேண்டும். இங்கே அப்படி ஒரு தேர்வு கட்டாயமில்லை. எழுதியவர் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்.

இரண்டு பனிக்காலங்களுக்கு முன் ஒரு குடும்பம் இதே ஒட்டு உள்ள வண்டியைக் கொண்டுவந்தது. புதிது, ஒரு ஆண்டுகூட ஆகவில்லை. சமையல் தொட்டியில் தண்ணீர் வரவில்லை, கழிவுநீரும் இறங்கவில்லை. அடியில் படுத்து, கறுப்பு நெளி பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றினேன். 'சூடேற்றப்பட்ட அடிப்பகுதி' என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தது உண்மைதான். ஹீட்டரிலிருந்து இரண்டு அங்குலக் குழாய் ஒன்று கீழே வந்து, தரைச் சட்டத்துக்குப் பின்னால் அரையடி தூரம் எட்டிப்பார்த்துவிட்டு நின்றுவிட்டது. தொட்டிகள் இருந்ததோ அதிலிருந்து பத்தடி தள்ளி. கழிவுநீர் வால்வு மூடிக்கு வெளியே, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி முஷ்டி அளவு பனிக்கட்டி. குழாய் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் வகை என்பதால் விரிந்து தாங்கிக்கொண்டது. இணைப்பு மூட்டுதான் நீளவாக்கில் வெடித்திருந்தது. பெரும்பாலும் மூட்டுதான் வெடிக்கும்.

ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு கைவிளக்கும் பழைய போர்வையும் எடுத்துப்போங்கள். போர்வையை விரித்து அடியில் படுங்கள், அதாவது உங்கள் கணவர் படுக்கட்டும். கழிவுநீர் வால்வுகள் மூடிக்கு உள்ளேயா, வெளியேயா? சூடான காற்றுக் குழாய் தொட்டிவரை போகிறதா? நன்னீர்த் தொட்டி தரைக்குக் கீழே தொங்குகிறதா, கட்டிலுக்கு அடியில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? உள்ளே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சன்னலைத் தட்டிப் பாருங்கள், இரட்டைக் கண்ணாடியா என்று. இரண்டு அங்குலச் சுவரில் கண்ணாடியிழைப் பஞ்சு வைத்தால் அதன் வெப்பத்தடை ஆர்-7 அளவில் இருக்கும் (எண் கூடக்கூடக் காப்பும் கூடும்). ஒற்றைக் கண்ணாடிக்கு ஆர்-1தான். ஒரு சதுர அடிக் கண்ணாடி ஏழு சதுர அடிச் சுவர் இழக்கும் வெப்பத்தைத் தனியாக இழக்கிறது. சுவரின் சட்டம் அலுமினியம் என்றால் அதன் வழியாகவும் வெப்பம் கசியும். கடுங்குளிர் காலையில் உள்சுவரில் சட்டம் ஓடும் இடமெல்லாம் ஈரக்கோடு கோடாகத் தெரியும். பளபளக்கும் தகட்டுத் தாள் ஒன்றை விரித்துவிட்டுக் கூரைக்கு ஆர்-38 என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

உண்மையாகவே நான்கு பருவத்துக்கும் கட்டிய வண்டிகள் இல்லாமல் இல்லை. தடித்த காப்பு, இரட்டைக் கண்ணாடி, கனத்த சட்டகம், உள்ளுக்குள் தொட்டி எல்லாம் அவற்றில் உண்டு. அதே நீளமுள்ள சாதாரண வண்டியைவிடப் பல நூறு கிலோ கூடுதல் எடையும் உண்டு. அடுக்குக் கட்டிலோடு அப்படி ஒன்று வேண்டும் என்றால் உங்கள் பிக்கப்பை விற்றுவிட்டு அதற்கு மேல் ரகத்தில் ஒன்று வாங்க வேண்டும். கடுங்குளிருக்கான வண்டி, ஐந்து பேருக்கு இடம், இப்போதிருக்கும் பிக்கப்: இந்த மூன்றில் ஏதேனும் இரண்டுதான் கிடைக்கும்.

என் யோசனை இது. நீங்கள் பனிக்காலத்தில் போவது நாலைந்து வார இறுதி. அந்த எட்டுப் பத்து இரவுகளுக்காக ஆண்டு முழுக்கக் கனமான வண்டியை இழுக்க வேண்டாம். 24, 25 அடியில், அதிகபட்ச எடை 3,000 கிலோவுக்குள், அடுக்குக் கட்டில் உள்ள வண்டியைப் பாருங்கள். அடிப்பகுதி மூடியதாகவும் ஓரளவு சூடு போவதாகவும் இருக்கட்டும். ஏற்றிய எடை 2,800 என்றால் முன்பாரம் 365. அதோடு ஹிட்ச், நீங்கள் நால்வர் எல்லாம் சேர்ந்து மொத்தம் 605. மீதி 75 கிலோ. குழந்தையும் அதன் இருக்கையும் போக 60. தாராளம் என்று சொல்ல மாட்டேன். சறுக்குப் பலகை, விறகு எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

குளிருக்கு என்ன செய்வது? குழாய்களுக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். முதல் உறைபனிக்கு முன் தொட்டி, சுடுநீர்க்கலம், குழாய்கள் எல்லாவற்றையும் வடித்து, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீரை ஓட்டிவிடுங்கள். புரோப்பிலீன் கிளைக்கால் கலந்தது, இந்த வண்டிகளுக்கென்றே விற்பார்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அது குடிநீர்க் குழாய் பக்கமே வரக் கூடாது. அதன்பின் பனிச்சறுக்குக்குப் போகும்போது குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீர் வண்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். கழிப்பறையில் தண்ணீருக்குப் பதிலாக அதே இளஞ்சிவப்பு நீரை ஒரு குவளை ஊற்றினால் போதும். குளியல் முகாமின் பொதுக் குளியலறையில். ஏழ்மையான ஏற்பாடுபோல் தோன்றும். ஆனால் உறைய எதுவுமே இல்லாத வண்டியில் எந்த மூட்டும் வெடிக்காது. சூடு வேண்டியது ஆட்களுக்கு மட்டும். அதை எந்த நல்ல ஹீட்டரும் தரும். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும், கூரைமேல் இருக்கும் வெப்பப்பம்பை நம்ப வேண்டாம்; ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் அது கையை விரித்துவிடும்.

அந்த ஹீட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விடியற்காலை நான்கு மணிக்கு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். கேஸ் நிறைய இருக்கும், ஆனால் ஹீட்டர் நின்றிருக்கும். அது கேஸில் எரிந்தாலும் சூட்டை ஊதுவது மின்விசிறி. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 48 ஆம்பியர்-மணி போய்விடும். கடையில் சும்மா போட்டுத் தரும் 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் கெடுதல் இல்லாமல் எடுக்கலாம். அதாவது விளக்கு, பம்பு எதையும் தொடாமல் இருந்தால் சரியாக விடியும்வரை வரும். யார் தொடாமல் இருப்பார்கள்? மின் இணைப்பு உள்ள இடத்தில் தங்குங்கள், அல்லது பேட்டரியை இரட்டிப்பாக்குங்கள். லித்தியம் பேட்டரி வாங்கினால் அதை வண்டிக்குள் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

கேஸ் கணக்கு எளிது. மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும் ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் 9 கிலோ சிலிண்டர் 14 மணி நேரம் தாங்கும். விட்டுவிட்டு எரிந்தால் ஒரு நாளுக்குச் சற்று மேல். இரண்டு சிலிண்டர் ஒரு வார இறுதிக்குப் போதும். நிரப்பும்போது புரோப்பேன்தானா என்று மட்டும் கேளுங்கள். பியூட்டேன் உறைநிலையிலேயே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். புரோப்பேன் −42 டிகிரிவரை மசியாது.

ஈரத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. குடும்பம் பெருகினால் மூச்சும் பெருகும். ஐந்து பேர் உறங்கும் இரவில் மூச்சிலும் தோலிலும் இருந்து ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அடுப்பில் ஒரு கிலோ புரோப்பேன் எரித்தால் 1.6 கிலோ நீராவி வரும். அது எங்கே போகும்? குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். பிள்ளைகளின் கட்டிலில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: அடிப்பலகையில் ஓர் ஈரத்தடம், மெத்தையின் அடித்துணியில் மிளகு தூவியதுபோல் பூஞ்சைப் புள்ளிகள். மேலே ஒரு குழந்தை சளியோடு படுத்திருக்கும்; காரணம் தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மெத்தைக்குக் கீழே காற்று ஓடும்படி துளையிட்ட விரிப்பு ஒன்று போடுங்கள். குளிர் நாளிலும் கூரை விசிறியை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். சூடு வீணாகிறதே என்று மாமியார் சொல்வார், சொல்லட்டும். வெளிப்புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். ஈரம் ஒருபக்கம், கார்பன் மோனாக்சைடு மறுபக்கம். அதற்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கேஸ் கசிவைச் சொல்லும் கருவி தரையோரம்தான் இருக்கும்; புரோப்பேன் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

உள்ளமைப்புக்கு வருகிறேன். இழுப்பறைபோல் வெளியே தள்ளும் ஸ்லைடு இருந்தால் இடம் பெரிதாகத் தெரியும். ஒன்று போதும். ஒவ்வொரு ஸ்லைடும் எடை, ஒவ்வொன்றின் விளிம்பிலும் குளிர்க்காற்று, அதன் கூரையில் பனி உறைந்துவிட்டால் உள்ளே இழுக்கவும் முடியாது. கடையில் ஸ்லைடை உள்ளே தள்ளச் சொல்லிவிட்டு, கழிப்பறைக்கும் குளிர்பெட்டிக்கும் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோரம் நிறுத்தி ஐந்து வயதுப் பையன் 'அவசரம்' என்று குதிக்கும்போது அந்த வழியின் அருமை தெரியும். ஓடும் டிரெய்லரில் யாரும், ஒரு நிமிடம்கூட, உட்காரக் கூடாது, நிறுத்திவிட்டுத்தான் எல்லாம்.

குழந்தைக்கு மடக்குத் தொட்டில் விரிக்க ஒரு மீட்டருக்கு எழுபது சென்டிமீட்டர் தரை வேண்டும். அளவுநாடாவைக் கையில் எடுத்துப்போய், அந்த அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் விரித்துப் பாருங்கள். அதன்பின் பெரியவர்கள் நடக்க முடிகிறதா? பிறகு பிள்ளைகள் இருவரையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்காருங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். மழைநாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று நான்கு ஆண்டு பழைய வண்டி கிடைத்தால் தயங்காதீர்கள். முதல் உரிமையாளர் சின்னக் குறைகளையெல்லாம் சரிசெய்து வைத்திருப்பார். கூரை மூலைகளுக்குக் கீழே உள்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் நீர் இறங்கிவிட்டது, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் ஆன டிரெய்லர் டயரில் உங்கள் பிள்ளைகளின் படுக்கையை ஏற்றாதீர்கள்.

மேல் படுக்கை வழக்கு. கட்டிலில் எவ்வளவு எடை தாங்கும் என்று சின்னத் தகடு இருக்கும். சிலவற்றில் 68 கிலோதான். இப்போதைக்கு இருவருக்கும் அது போதும், ஆனால் பெண் வளர்ந்து தோழியோடு ஏறிக்கொள்ளும் நாளுக்கு 130 கிலோ தாங்குவதாகப் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மேலே படுக்கவைக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. ஆகவே மேல் படுக்கை அக்காவுக்கு. சூடும் மேலேதான் ஏறும் என்பதால் அவளுக்கு இரட்டை வெற்றி. தம்பி தகராறு செய்வான். கீழ்க் கட்டிலை ஒட்டிய சரக்குக் கதவின் உட்புறத்தில் காப்புப் பலகை ஒன்றை வெட்டி ஒட்டிக் கொடுங்கள், அங்கேதான் குளிர் நுழையும். கைவிளக்கு அவன் பொறுப்பில் இருக்கட்டும். அவசர சன்னலின் சிவப்புப் பிடியை இருவரும் தாங்களே திறந்து காட்டிய பிறகு பணம் கட்டுங்கள்.